டிராயருக்குள் அடங்கும் துணிப்பெட்டி: அளவெடுப்பதிலிருந்து மேல்தையல் வரை

தோளில் மாட்டும் பை அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணிலும் படாது. டிராயருக்குள் வைக்கும் துணிப்பெட்டி அப்படியல்ல. மூன்று பெட்டிகளை வரிசையாக வைக்கும்போது ஒவ்வொன்றும் அரை செ.மீ. கூடியிருந்தால் மூன்றாவது உள்ளே இறங்காது. அழுத்தி இறக்கினால் சுவர் உள்பக்கமாக வளைந்து, வைத்த பொருளின் மேல் சாயும். அதனால் கணக்கை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும்: முதலில் டிராயர், அடுத்து பெட்டி, கடைசியில்தான் துணி. கையில் இருக்கும் துணித்துண்டை வைத்து அளவைத் தீர்மானித்தால் பெட்டி அழகாக வரும், டிராயருக்கு மட்டும் பொருந்தாது.

டிராயரை அளப்பது

உள் அகலத்தை முன்புறம், நடு, பின்புறம் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மர டிராயர்களில் 2, 3 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். பூட்டின் பின்பகுதி, கைப்பிடியின் திருகுமுனை போன்றவை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டலையும் கழிக்க வேண்டும்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டிராயரின் பக்கப்பலகை உயரம் வேறு, மூடும்போது மேலே கிடைக்கும் இடம் வேறு. தடித்த காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி டிராயருக்குள் நிற்கவைத்து, மெதுவாக மூடித் திறந்தால், மேல்சட்டம் இடித்து மடங்கிய இடம் தெரியும். அந்த உயரத்திலிருந்து 2 செ.மீ. கழித்தால் பெட்டியின் உயரம். உள்ளே வைக்கும் பொருள் விளிம்புக்குச் சற்று மேலே துருத்தினாலும் டிராயர் சிக்காமல் மூட அந்த 2 செ.மீ. தேவை.

இங்கே எடுத்துக்கொள்ளும் டிராயர்: அகலம் 45, ஆழம் 50, கிடைக்கும் உயரம் 11 செ.மீ. இதில் 24 நீளம், 14 அகலம், 9 உயரத்தில் ஆறு பெட்டிகள் வைக்கலாம்; அகலவாக்கில் மூன்று, ஆழவாக்கில் இரண்டு. தைத்து முடித்த பெட்டி காகிதக் கணக்கைவிடப் பருமனாகத்தான் நிற்கும். துணியின் தடிமனும் சுவரின் லேசான தொப்பையும் சேர்ந்து ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 5 மி.மீ. கூட்டும். ஆகவே மூன்று பெட்டிக்கு 42 + 1.5 = 43.5, மிச்சம் 1.5 செ.மீ. ஆழத்தில் 48 + 1 = 49; மிச்சம் 1 செ.மீ. விரலை விட்டுப் பெட்டியைத் தூக்க அந்த மிச்சம் போதும்.

எல்லாம் ஒரே அளவாக வேண்டாம், இரண்டு சின்னதும் ஒரு பெரியதும் வேண்டும் என்றால், பாதி அளவு 12 அல்ல. இரண்டு சின்னப் பெட்டிகளுக்கும் தனித்தனியே 5 மி.மீ. தடிமன் உண்டு என்பதால் நீளம் 11.7 என்று போட வேண்டும். அதேபோல இரண்டு பெட்டியின் இடத்தைப் பிடிக்கும் பெரியதற்கு அகலம் 28 அல்ல, 28.5. இந்த அரை சென்டிமீட்டர்களை விட்டுவிட்டால், ஒரு வரிசை நெருக்கிக்கொண்டும் அடுத்த வரிசை ஆடிக்கொண்டும் இருக்கும்.

வெட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது

துணிப்பெட்டிக்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, பை தைப்பதுபோல இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டிலும் அடியிலும் இணைத்து, கீழ்மூலைகளைக் குறுக்கே தைத்துப் பெட்டியாக்குவது. இரண்டாவது, ஒரே செவ்வகத் துண்டின் நான்கு மூலையிலும் சதுரம் வெட்டியெடுத்து, சுவர்களை நிமிர்த்தி, நான்கு மூலைகளையும் செங்குத்தாகத் தைப்பது.

டிராயருக்கு இரண்டாவதுதான் சரி. அடியில் தையல் வராததால் பெட்டி ஆடாமல் உட்காரும். நான்கு மூலையிலும் செங்குத்தாக ஓடும் தையல் பிடிகள் (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி ஓரங்கள்) தூண்போலச் சுவரைத் தாங்கும். முதல் முறையில் மூலைகளில் வெறும் மடிப்பு மட்டுமே இருக்கும், தையல் சுவரின் நடுவில் விழும். பெட்டி வட்டமாகத் தெரியும். உயரம் 12 செ.மீ.க்கு மேல் போனால் மட்டும் முதல் முறையை யோசிக்கலாம். உயரம் கூடக்கூட மூலையில் வெட்டி எறியும் சதுரமும் பெருத்துக்கொண்டே போகும்.

கணக்கு இது. தையல் பிடி எல்லா இடத்திலும் 1 செ.மீ.

துண்டின் நீளம் = பெட்டி நீளம் + உயரம் இரண்டு மடங்கு + 2. அதாவது 24 + 18 + 2 = 44.
துண்டின் அகலம் = பெட்டி அகலம் + உயரம் இரண்டு மடங்கு + 2. அதாவது 14 + 18 + 2 = 34.
மூலையில் வெட்டும் சதுரம் = பெட்டியின் உயரம். அதாவது 9 × 9.

சதுரம் ஏன் 10 இல்லை என்று சந்தேகம் வரும். சுவர் உயரம் 9, மேல் பிடி 1, மொத்தம் 10தானே என்று பத்துக்குப் பத்து வெட்டுபவர்கள் உண்டு. அப்படி வெட்டினால் மூலைத் தையலுக்குப் பிடியே மிஞ்சாது, 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைக்கும்போது அடி 22 × 12 ஆகச் சுருங்கிவிடும். 9 வெட்டினால் சுவர்த்துண்டு 24 + 2 = 26 அகலம் நிற்கும். சுவரின் இரு ஓரமும் ஒவ்வொரு செ.மீ. பிடிக்குப் போய், 24 கிடைக்கும்.

முதல் முறையில் தைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இரண்டு துண்டாக வெட்டினால் கீழ்மூலையில் வெட்டும் சதுரம் பெட்டி அகலத்தில் பாதி, 7 × 7. அடியில் தையல் வேண்டாம் என்று துணியை மடித்து ஒரே துண்டாக வெட்டினால் அது சதுரமாக இருக்காது. ஓரத்திலிருந்து 7, மடிப்பிலிருந்து 6. மடிப்பில் தையல் பிடி இல்லை என்பதால் அந்த ஒரு செ.மீ. குறைகிறது. இங்கேயும் 7 × 7 வெட்டிவிட்டுப் பெட்டி ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. தப்பு வெட்டில் இருக்கிறது.

துணி

நடுத்தரக் கனமுள்ள காட்டன், மெல்லிய கேன்வாஸ், டெனிம் எல்லாம் வெளித்துணிக்கு ஏற்றவை. உள்ளே மெல்லிய காட்டன் போதும். வெளித்துணியும் உள்துணியும் இரண்டுமே தடித்தால் மேல் விளிம்பின் மூலைகளில் மெஷின் திணறும்.

துவைக்காத காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும். 44 செ.மீ. துண்டில் 5 சதவீதம் என்றால் 2 செ.மீ.க்கு மேல். தைத்த பிறகு வெளித்துணி சுருங்கி, விறைப்புக்காக உள்ளே ஒட்டிய ஒட்டுக் கேன்வாஸ் சுருங்காமல் இருந்தால் சுவர் முழுக்கக் கொப்புளம் கிளம்பும். எனவே வெட்டும் முன் ஒரு முறை துவைத்து, காயவைத்து, ஈரப்பதம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள்.

110 செ.மீ. அகலத் துணியில் 34 செ.மீ. துண்டு மூன்று பக்கம் பக்கமாக வரும், மொத்தம் 102. இரண்டு வரிசைக்கு 88 செ.மீ. நீளம். துவைத்தபின் கரை ஓரம் போக அகலம் 102க்குக் குறைந்துவிட்டால் துண்டைத் திருப்பி, 44 செ.மீ. பக்கத்தை அகலத்தில் இரண்டாகவும், நீளவாக்கில் மூன்று வரிசையாகவும் வைக்க வேண்டும். அதற்கும் 102 செ.மீ. நீளம் வேண்டும். ஆறு பெட்டிக்கு வெளித்துணி 1.2 மீட்டர், உள்துணி 1.2 மீட்டர் என்று எடுத்தால் இரண்டு விதத்துக்கும் தாங்கும்.

பூவோ பறவையோ தலைமேலாக நிற்கும் அச்சுத் துணி இந்த முறைக்கு ஒத்துவராது. ஒரே துண்டில் நான்கு சுவர் என்பதால் ஒரு சுவரில் நிமிர்ந்தும், எதிர்ச்சுவரில் தலைகீழாகவும், மற்ற இரண்டில் படுத்தும் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் தெரியும் டிசைனோ ஒரே நிறத் துணியோ நல்லது. கோடு, கட்டம் போட்ட துணியை இழைக்கு நேராக வெட்டாவிட்டால் கோணல் அப்பட்டமாகத் தெரியும். கோடில்லாத துணிக்கும் இழை நேர் முக்கியம்தான். பாவு நூலுக்கு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, சாய்வாக வெட்டிய துண்டின் சுவர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே நிற்கும்.

சுவருக்கு விறைப்பு

துணி மட்டும் போட்டுத் தைத்தால் பெட்டி நிற்காது. ஒட்டுக் கேன்வாஸ், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஃப்யூசிங், பெரும்பாலான தேவைக்குப் போதும். காலுறை, கைக்குட்டை, உள்ளாடை போன்றவற்றுக்கு நடுத்தர ஃப்யூசிங்கை வெளித்துணியில் மட்டும் ஒட்டலாம். சார்ஜர், வயர், கருவிகள் என்றால் உள்துணியிலும் ஒரு மெல்லிய ஃப்யூசிங். பக்ரம் (கஞ்சியேற்றிய விறைப்பான துணி) நன்றாக விறைக்கும், ஆனால் சில வகை பக்ரம் தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து தொய்ந்துவிடும். துவைக்க வேண்டிய பெட்டிக்கு அதைத் தவிர்க்கலாம். ஃபோம் வேண்டாம். ஒரு சுவருக்கு 3 முதல் 5 மி.மீ. தின்றுவிடும்; 14 செ.மீ. அகலப் பெட்டியில் இரண்டு சுவருக்கும் சேர்த்து 1 செ.மீ. வரை போய்விடும். கடைக்குக் கொண்டுபோகும் பைக்கு ஃபோம் பொருந்தும், நெருக்கி அடுக்கும் டிராயருக்கு அல்ல.

ஃப்யூசிங்கை முழுத் துண்டாக ஒட்டுவதைவிட ஐந்து துண்டாக வெட்டி ஒட்டுவது மேல். அடிக்கு 23.6 × 13.6 ஒன்று, நீளச் சுவருக்கு 23.6 × 8.6 இரண்டு, குறுகிய சுவருக்கு 13.6 × 8.6 இரண்டு. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் 2 மி.மீ. தள்ளி ஒட்டினால் அடியும் சுவரும் சேரும் மடிப்பில் 4 மி.மீ. இடைவெளி விழும். துணி அந்த இடைவெளியில் கீல்போல மடங்கும். தையல் பிடியிலும் கேன்வாஸ் ஏறாது, மூலை தடிக்காது.

ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தித் தூக்க வேண்டும். தேய்த்தால் பசை இளகும் நேரத்தில் கேன்வாஸ் நகர்ந்து சுருக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய ஈரத்துணி போட்டு ஓர் இடத்தில் 10 முதல் 15 விநாடி, பிறகு அடுத்த இடம். முடிந்ததும் முழுதாக ஆறும்வரை சமதளத்தில் கிடக்கட்டும். சூட்டோடு எடுத்து மடித்தால் பசை பிடிக்காது. சூட்டோடு தைத்தால் ஊசியில் பசை ஏறி, தையல் விட்டுவிட்டு விழும். அப்படி ஆகிவிட்டால் ஊசியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

தைப்பது

ஊசி அளவு 90/14, டெனிம் என்றால் 100/16. பாலியெஸ்டர் நூல். தையல் நீளம் 2.5 மி.மீ.

வெளித்துணியின் மறுபக்கத்தில் மூலைச் சதுரத்தின் உள்முனையிலிருந்து இரு பக்கமும் 1 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் பெட்டியின் அடிமூலை. அடுத்தடுத்த இரண்டு சுவர்களின் வெட்டு ஓரங்களை நல்ல பக்கம் உள்ளே வர ஒன்றாகச் சேர்த்தால், துணி மூலைவிட்டமாக மடங்கும். அந்த மடிப்பு புள்ளியின் மேலேயே போகிறதா என்று பார்த்து கிளிப் போடுங்கள். தையலை மேல் விளிம்பிலிருந்து தொடங்கி, புள்ளியைத் தொட்டு மடிப்பில் வெளியேறுமாறு ஓட்ட வேண்டும். இரு முனையிலும் மூன்று தையல் ரிவர்ஸ், அதாவது பின்னோக்கி ஓட்டிக் கெட்டிப்படுத்துவது. புள்ளிக்கு முன்னாலேயே நிறுத்தினால் மூலையில் ஓட்டை விழும், நாணயமும் ஊசியும் அதன் வழியே இரண்டு துணிக்கும் நடுவில் போய்ச் சேரும். புள்ளியைத் தாண்டி அடிப்பக்கம் இறங்கினால் அடியில் சுருக்கம் விழும்.

மூலைப் பிடிகளை விரித்து இஸ்திரி போட வேண்டும். பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையோ இறுக்கமாகச் சுருட்டிய துண்டோ வைத்துக்கொண்டால் வேலை சுலபம். கீழ்முனையில் பிடியை 6 மி.மீ. ஆகக் கத்தரித்தால் மூலை கூராகத் திரும்பும். தையலுக்கு அதைவிட நெருங்கிக் கத்தரிக்க வேண்டாம்.

உள்துணியையும் அதே 44 × 34, மூலை 9 × 9 அளவில் வெட்டலாம், ஆனால் அதே அளவில் தைக்கக் கூடாது. வெளிப்பெட்டிக்குள் உட்கார வேண்டியது உள்பெட்டி. இரண்டும் ஒரே அளவென்றால் மிச்சத் துணி அடியில் சுருண்டு கிடக்கும். துணிப்பெட்டிகளில் அதிகம் தெரியும் குறை இதுதான், வெளியே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். மூலைத் தையலை மேல் விளிம்பில் 1 செ.மீ. பிடியில் தொடங்கி, கீழே போகப்போக 1.3 செ.மீ. ஆகச் சாய்த்துத் தையுங்கள். மேலே சுற்றளவு வெளித்துணியோடு பொருந்தும், அடி மட்டும் 23.4 × 13.4 ஆகக் குறையும். ஆனால் இப்படித் தைத்தால் அடிக்கோடு 3 மி.மீ. உள்ளே நகர்ந்து, சுவர் அந்த அளவு உயர்ந்துவிடும். ஆகவே மூலைகள் முடிந்ததும் உள்துணியின் மேல் விளிம்பைச் சுற்றிலும் 5 மி.மீ. கத்தரித்துவிட வேண்டும், 3 மி.மீ. அந்த உயர்வுக்கு, 2 மி.மீ. வெளித்துணி அடியின் தடிமனுக்கு.

தடுப்புச் சுவர் வேண்டுமென்றால் அதை உள்துணி தட்டையாக இருக்கும்போதே, மூலைகளைத் தைக்கும் முன் வைக்க வேண்டும். 17.4 × 18 செ.மீ. துண்டை நல்ல பக்கம் உள்ளே வர 17.4 × 9 ஆக மடித்து, கீழும் ஒரு பக்கமும் 1 செ.மீ. பிடியில் தைத்துத் திருப்புங்கள். திறந்த பக்கத்தின் ஓரத்தை உள்ளே மடித்தால் 15.4 × 8 கிடைக்கும். இரு முனையிலும் 1 செ.மீ. மடித்து, நீளச் சுவர்களில் எதிரெதிரே குறித்த கோட்டில் தைத்தால் நடுவில் 13.4 நிற்கும். மடிப்பு விளிம்பு மேலே வர வேண்டும். 24 செ.மீ. நீளச் சுவர் நடுவில் வெளியே பிதுங்குவதையும் இந்தத் தடுப்பு இழுத்துப் பிடிக்கும்.

மேல் விளிம்பு

வெளிப்பெட்டியை நல்ல பக்கம் வெளியே தெரிய நிறுத்துங்கள். உள்பெட்டி மறுபக்கம் வெளியே தெரிய இருக்கட்டும். வெளிப்பெட்டியை உள்பெட்டிக்குள் இறக்கினால் இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும். இழுப்பதற்கு நாடா வேண்டுமென்றால் 12 செ.மீ. காட்டன் நாடாவை இரண்டாக மடித்து, முன்சுவரின் நடுவில், மடிப்பு கீழ்நோக்கி இருக்க, இரு துணிக்கும் நடுவில் வையுங்கள்.

முதலில் நான்கு மூலைத் தையல்களையும் நேருக்கு நேர் பொருத்தி கிளிப் போட்ட பிறகே இடைப்பகுதி. 1 செ.மீ. பிடியில் சுற்றித் தைத்து, நீளச் சுவர் ஒன்றில் 14 செ.மீ. திறப்பு விடுங்கள். திறப்பை மூலைக்கு அருகில் விடாதீர்கள். திருப்பும்போது விழும் இழுப்பு மூலைத் தையலைப் பிரித்துவிடும். திறப்பின் இரு முனையிலும் ரிவர்ஸ் கட்டாயம்.

மூலைகளில் துணி நான்கு அடுக்காகவும், திருப்பிய பின் விளிம்பைத் தைக்கும்போது எட்டு அடுக்குவரையும் சேரும். பிரஸ்ஸர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம்) முன்பக்கம் தூக்கிக்கொண்டு, தையல் ஒரே இடத்தில் குவியும். ஃபுட்டின் பின்பகுதிக்கு அடியில் அதே தடிமனுக்கு மடித்த துணியை வைத்து ஃபுட்டைச் சமமாக்கினால் மெஷின் ஏறிக் கடக்கும். அந்த நாலைந்து தையலைக் கைச்சக்கரத்தால் ஓட்டுங்கள். பெடலை அழுத்தி விரட்டினால் ஊசி ஒடியும்.

திருப்புவதற்கு முன் திறப்பின் பிடிகளை 1 செ.மீ. மடித்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பிறகு அந்த மடிப்பு நேராக வருவது கடினம். திருப்பி, மூலைகளை மழுங்கிய குச்சியால் தள்ளி, உள்துணி விளிம்புக்கு 1 மி.மீ. கீழே இருக்கும்படி அழுத்தி இஸ்திரி போடுங்கள். அடுத்து மேல்தையல், அதாவது விளிம்பையொட்டி வெளியே தெரியும் தையல், 3 மி.மீ. நீளத்தில், விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி. திறப்பும் இதிலேயே மூடிக்கொள்ளும், கைத்தையல் தேவையில்லை. விளிம்பிலிருந்து 8 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை ஓட்டினால் உள்ளே மடங்கியிருக்கும் பிடிகள் இரண்டு தையலுக்கும் நடுவில் சிக்கி, விளிம்பு ஒரு பட்டைபோல விறைக்கும். வாய் அகன்று விரியாமல் இருக்க இந்த இரண்டாம் வரிசைதான் காரணம். அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மேல் விளிம்பு அலை அலையாக வந்தால் பெரும்பாலும் மேல்துணி தள்ளப்பட்டு, கீழ்த்துணி இழுக்கப்பட்டிருக்கும். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் அலை இருந்தால் இரண்டு சுற்றளவும் ஒன்றாக இல்லை என்று பொருள். உள்துணியின் மூலைத் தையல் மேலே 1 செ.மீ. பிடியில்தான் தொடங்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுவர் மூலைகள் இன்னும் கூராக வேண்டுமென்றால், முடித்த பெட்டியின் செங்குத்து மூலையை விரலால் கிள்ளிப் பிடித்து, எல்லா அடுக்கும் சேர 2 மி.மீ. உள்ளே தைக்கலாம். அடியிலிருந்து 1 செ.மீ. மேலே தொடங்குங்கள். ஒவ்வொரு சுவரும் மேலே 4 மி.மீ. குறுகும் என்பதால் பெட்டியின் வாய் சற்று ஒடுங்கும். டிராயரில் அது அனுகூலமே. எடுப்பதும் வைப்பதும் சுலபமாகும். உள்ளே சரியாக அளந்து வைக்க வேண்டிய பொருள் இருந்தால் மட்டும் இதைத் தவிர்க்கவும்.

அடியில் கனமான பொருள் வைப்பதானால் 23 × 13 அளவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி, முனைகளை உருட்டி, தளர்வாகப் போடுங்கள். அட்டையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் பெட்டியைத் துவைக்க முடியாது. துவைக்கும்போது தகட்டை எடுத்துவிட்டுக் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் தண்ணீரை அழுத்தி வடித்து, மரக்கட்டையின்மேல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். முழுக்கக் காய்வதற்கு முன் சுவர்களை ஒரு முறை வைத்து அழுத்தி இஸ்திரி போட்டால், எங்காவது விட்டுப்போயிருந்த ஃப்யூசிங்கும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.